பதினைந்து கிலோமீட்டர், ஐந்து ஆண்டுகள்

தெஹ்ரானிலிருந்து தெற்கே அஹ்வாஸுக்குப் போகும் இரவு ரயில் ஸாக்ரோஸ் மலைகளைக் குடைந்து இறங்குகிறது. சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். காஸ்பியன் கடலையும் பாரசீக வளைகுடாவையும் இணைக்கும் இந்த 1,394 கிலோமீட்டர் பாதையை 1927-இல் தொடங்கி 1938-இல் முடித்தார்கள். வெளிநாட்டுக் கடன் வாங்காமல், மக்கள் குடிக்கும் தேநீருக்கும் அதில் போடும் சர்க்கரைக்கும் வரி விதித்துப் பணம் திரட்டினார் ரெசா ஷா. காலடியில் எண்ணெய் இருந்த நாடு தேயிலை வரியில் ரயில் விட்டது. எண்ணெய் அப்போது பிரிட்டிஷ் கம்பெனியின் கையில்.

2018 மார்ச் தொடக்கத்தில் அந்த ரயிலில் போனேன். விடியும்போது மலை முடிந்து சமவெளி விரிந்தது. அடிவானத்தில் அங்கங்கே தீ எரிந்துகொண்டிருந்தது. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை அப்படியே எரித்துவிடுகிறார்கள். ஈரானின் எண்ணெயில் பெரும்பகுதி குஸெஸ்தான் என்னும் இந்த ஒரு மாகாணத்து மண்ணிலிருந்துதான் வருகிறது.

எண்பதுகளில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஈரானும் ஈராக்கும் இரட்டைப் பெயராகவே காதில் விழுந்தவை. நாங்கள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அந்தப் போர் நடந்துகொண்டிருந்தது, மேல்வகுப்புக்குப் போன பிறகும் நடந்துகொண்டிருந்தது. 1980 செப்டம்பர் 22 முதல் 1988 ஆகஸ்ட் 20 வரை, எட்டு ஆண்டுகளுக்கு ஒரு மாதம் குறைவு. இரண்டுமே முஸ்லிம் நாடுகள், இரண்டிலும் ஷியாக்களே பெரும்பான்மை, இரண்டுக்கும் எண்ணெய் வளம். எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அது நடந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை.

அஹ்வாஸில் ஒரு நாள். காரூன் ஆறும் அதன் மேல் வெள்ளைப் பாலமும் அழகு. தூசி கண்ணைத் திறக்க விடவில்லை. லஷ்கராபாத் தெருவில் வரிசையாகப் ஃபலாஃபெல் கடைகள். ரொட்டியை வாங்கிக்கொண்டு, ஊறுகாயும் காய்களும் நாமே அள்ளி நிரப்பிக்கொள்ளலாம். மறுநாள் காலை ஆபாதானுக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் கொர்ரம்ஷஹரைச் சேர்ந்த அரபு, ஐம்பதை நெருங்குபவர். துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் கற்ற ஆங்கிலம். என்னை ‘மிஸ்டர்’ என்று அழைத்தார். பெயரை எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். 

ஆபாதானில் சுத்திகரிப்பு ஆலை ஊருக்கு வெளியே இல்லை, நட்டநடுவில் இருக்கிறது. ஆலைக்குப் பிறகு வந்த ஊர் அது. 1908 மே 26 அன்று மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அங்கிருந்து குழாய் போட்டு, 1912-இல் இங்கே ஆலையை ஓட்டினார்கள். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று. வெள்ளைக்காரர்களுக்குப் புல்வெளியும் பூந்தோட்டமும் வைத்த பிரைம் குடியிருப்பு. தொழிலாளிகளுக்கு நெருக்கடியான தெருக்கள். அந்தத் தொழிலாளிகளில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆலை மதிலை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி ரங்கூன்காரர்கள் பள்ளிவாசல் நிற்கிறது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த முஸ்லிம் தொழிலாளிகள் எழுப்பியது. முகப்பு முழுக்கச் சிமெண்டில் வார்த்த பூவேலைப்பாடு. இப்போது அது அருங்காட்சியகம்.

சென்னைக்காரனாக எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. மணலியில் இருக்கும் நம் சுத்திகரிப்பு ஆலை, 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டபோது இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்தவை இரண்டு: அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும். ஆபாதானின் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்தபோது அந்நிய ஊரில் நிற்பதாகத் தோன்றவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு வந்த மீன் குழம்பிலும் புளி கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

ஆலையிலிருந்து சற்று தூரத்தில், கடைகள் நிறைந்த ஓரிடத்தில் ஓட்டுநர் காரை நிறுத்தினார். ரெக்ஸ் திரையரங்கு இருந்த இடம். 1978 ஆகஸ்ட் 19 இரவு, உள்ளே ‘மான்கள்’ என்ற பாரசீகப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது தீ வைக்கப்பட்டது. கதவுகள் பூட்டியிருந்தன. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. மதவாதிகளின் வேலை என்றது, ரெசா ஷாவின் மகனான அன்றைய ஷாவின் அரசு. ஷாவின் ரகசியப் போலீஸான சவாக்கின் வேலை என்றது ஊர். ஊர் சொன்னதைத்தான் நாடு நம்பியது. அதுவரை தயங்கி நின்ற லட்சக்கணக்கானோர் அதன் பிறகு தெருவில் இறங்கினார்கள். புரட்சி வென்ற பின், செத்தவர்களின் குடும்பங்கள் விசாரணை கேட்டு உள்ளிருப்புப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1980-இல் விசாரணை நடந்தது. தீ வைத்ததாக ஒப்புக்கொண்டவன் உட்படச் சிலர் கொல்லப்பட்டார்கள். ஆனால் அவனை ஏவியவர்கள் யார் என்ற கேள்விக்குக் குடும்பங்கள் ஏற்கும்படியான பதில் வரவே இல்லை.

ஆகஸ்ட் 19 என்ற தேதி ஈரானியர்கள் முன்பே அறிந்த தேதி. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முகமது மொசாதெக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து கவிழ்த்து, ஷாவுக்கு முழு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது 1953 ஆகஸ்ட் 19 அன்று. சரியாக 25 ஆண்டு கழித்து ரெக்ஸ் எரிந்தது.

ஷாவை வீழ்த்தியவர்கள் மௌலவிகள் என்றே வெளியுலகம் நினைக்கிறது. ஆபாதானில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 1978 இலையுதிர்காலத்தில் இந்த ஊரிலும் அஹ்வாஸிலும் எண்ணெய்த் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாட்டில் ஏற்றுமதி படுத்துவிட்டது. எண்ணெய் நின்றதும் அரசின் கஜானா வறண்டது. 1979 ஜனவரி 16 அன்று ஷா விமானம் ஏறினார். பிப்ரவரி 1 அன்று புரட்சியின் தலைவர் கொமெய்னி வந்து இறங்கினார். கொஞ்ச காலத்திலேயே, வேலைநிறுத்தம் நடத்திய அந்தத் தொழிலாளர் குழுக்களைப் புதிய ஆட்சி கலைத்தது.

ஆபாதான் ஆற்றங்கரையில் நின்றால் எதிரே ஈராக். இடையில் சில நூறு மீட்டர் தண்ணீர்தான். டைக்ரிஸும் யூஃப்ரடீஸும் கூடி ஓடும் இந்த ஆற்றை ஈரானில் அர்வந்த் என்கிறார்கள், அக்கரையில் ஷத் அல்-அராப். எதிர்க்கரையின் பேரீச்சந்தோப்பில் மனிதர்கள் நடப்பது தெரிகிறது.

“எங்கள் சித்தப்பா குடும்பம் அந்தப் பக்கம், மிஸ்டர்” என்றார் ஓட்டுநர். “கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் படகில்தான் போய் வருவோம். பாஸ்போர்ட் யார் கேட்டார்கள்? 1980-இல் அவர் மகன் ஈராக் ராணுவத்தில் இருந்தான். என் அண்ணன் இந்தப் பக்கம் துப்பாக்கி எடுத்தான்.”

இந்த ஆற்றின் எந்தக் கோட்டில் எல்லை போகிறது என்பதுதான் போருக்குக் காகிதத்தில் எழுதிய காரணம். 1937 ஒப்பந்தப்படி ஆற்றின் பெரும்பகுதி ஈராக்கைச் சேர்ந்தது. எல்லை ஈரான் கரையோரமே ஓடியது. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும், அப்போது ஈராக்கின் துணை அதிபராக இருந்த சதாம் ஹுசைனும் கைகுலுக்கினார்கள். ஆற்றின் ஆழமான நடுப்போக்கே எல்லை என்று சதாம் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, ஈராக்கின் குர்து கிளர்ச்சியாளர்களுக்குக் கொடுத்துவந்த உதவியை ஷா ஒரே நாளில் கைவிட்டார். காட்டிக்கொடுக்கப்பட்ட குர்துகளைப் பற்றி அந்த மேடையில் எவரும் பேசவில்லை.

சதாம் 1979 ஜூலை 16 அன்று அதிபரானார். ஆறே நாளில் தன் கட்சித் தலைவர்களை ஓர் அரங்கில் கூட்டி, துரோகிகள் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்கவைத்து, ஒவ்வொருவராக வெளியே இழுத்துப்போக வைத்தார். அதைப் படம் பிடிக்கவும் செய்தார். சுருட்டுப் புகைத்தபடி அவர் உட்கார்ந்திருக்கும் அந்தப் படச்சுருளை இன்றும் பார்க்கலாம். பக்கத்து நாட்டில் ஒரு மன்னனை மக்கள் விரட்டியது இப்படிப்பட்டவருக்கு எப்படி உறைத்திருக்கும் என்று யோசியுங்கள். ஈராக்கின் நஜஃபில் பல ஆண்டு அடைக்கலம் இருந்து, 1978-இல் அந்நாட்டு அரசால் வெளியேற்றப்பட்டவர் கொமெய்னி. அவர் ஈராக் மக்களையும் எழச் சொன்னார். 1980 ஏப்ரலில் ஷியா அறிஞர் முகமது பாகிர் அல்-சதரையும் அவர் தங்கையையும் சதாம் கொன்றார். செப்டம்பர் 17 அன்று தான் கையெழுத்திட்ட அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைத் தூக்கியெறிந்தார். ஐந்து நாள் கழித்துப் படை எல்லையைத் தாண்டியது.

ஈரான் ராணுவம் அப்போது குலைந்து கிடந்தது. ஷாவின் தளபதிகள் பலரைப் புரட்சி நீதிமன்றங்கள் கொன்றிருந்தன. சில வாரத்தில் முடித்துவிடலாம் என்பது சதாமின் கணக்கு. குஸெஸ்தான் அரபுகள் தன்னை வரவேற்பார்கள் என்பது இன்னொரு கணக்கு. புரட்சி அரசின் மேல் அந்த அரபுகளுக்கு மனக்கசப்பு இருந்தது உண்மை. 1979 மே மாதம் கொர்ரம்ஷஹரில் அவர்களது கிளர்ச்சியை அந்த அரசு ரத்தத்தில்தான் அடக்கியது. ஆனாலும் சதாமின் பீரங்கி முதலில் விழுந்தது அவர்கள் வீட்டின் மேல்தான். அவர்கள் அவருக்காக எழவில்லை. பின்னாளில் ஈராக்கின் ஷியா சிப்பாய்கள் தன் பக்கம் வருவார்கள் என்று கொமெய்னி எதிர்பார்த்தார். அவர்களும் வரவில்லை.

ஆபாதானிலிருந்து கொர்ரம்ஷஹர் அரை மணி நேரம்கூட இல்லை. காரூன் இங்கேதான் அர்வந்தில் கலக்கிறது. இந்த ஊரைச் சில நாளில் எடுத்துவிடலாம் என்று வந்த படையை 34 நாள் நிறுத்திவைத்தார்கள். கடற்படை வீரர்கள், கொஞ்சம் காவல் படை, மீதிப்பேர் ஊர்க்காரர்கள்: கடைக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள், மாணவர்கள், பெண்கள். ஜாமா பள்ளிவாசல்தான் அவர்களுக்கு ஆயுதக்கிடங்கு, மருத்துவமனை, சமையற்கட்டு எல்லாமே. 1980 அக்டோபர் கடைசியில் ஊர் விழுந்தது. அதன் பிறகு அதைக் குருதி நகரம் என்றே ஈரானியர்கள் அழைத்தார்கள். பள்ளிவாசலைப் பழையபடி கட்டி நீலஓடு பதித்திருக்கிறார்கள். நான் போனபோது லுஹர் தொழுகை முடிந்து கிழவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போர் அருங்காட்சியகத்தில் அன்றைய படங்களைப் பார்த்தேன். ஹெலிகாப்டர் இறங்கிவிடக் கூடாதென்று, ஊர்மக்களின் கார்களை ஈராக் படை மண்ணில் செங்குத்தாக நட்டுவைத்த வெட்டவெளி. தங்கிவிடவே வந்தோம் என்று சுவரில் அரபியில் எழுதிவிட்டுப் போன வாசகம். கையெறிகுண்டுகளைக் கட்டிக்கொண்டு டாங்கிக்கு அடியில் போன ஹுசைன் ஃபஹ்மிதேயின் படம். வயது 13. அவனைத் தேசிய நாயகனாக்கிப் பாடப்புத்தகத்தில் வைத்தது அரசு. பதின்மூன்று வயதுப் பையனைப் போர்க்களத்துக்கு விட்ட பெரியவர்களைப் பற்றிப் பேச அந்த அருங்காட்சியகத்தில் இடமில்லை. அவனைப் பார்த்து அடுத்த ஆண்டுகளில் எத்தனை பையன்கள் பள்ளியைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதை ஈரானின் ஒவ்வொரு ஊர்க் கல்லறைத் தோட்டமும் சொல்லும்.

1982 மே 24 அன்று ஈரான் இந்த ஊரை மீட்டது. சுமார் 19,000 ஈராக் சிப்பாய்கள் சரணடைந்தார்கள். தெஹ்ரானில் ஜனம் தெருவில் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியது. அடுத்த மாதமே சதாம் இறங்கிவந்தார். போரை நிறுத்தலாம், படைகளை எல்லைக்குத் திருப்பிக்கொள்கிறேன் என்று அறிவித்தார். எண்ணெய் நாடுகள் நஷ்ட ஈடு பற்றிப் பேசவும் தயாராக இருந்தன. தெஹ்ரானில் வாதம் நடந்தது. சதாமின் ஆட்சி ஒழிய வேண்டும் என்பதே இறுதி முடிவு. ஜூலை 13 அன்று ஈரான் படை ஈராக் நகரமான பாஸ்ராவை நோக்கி எல்லையைத் தாண்டியது. தற்காப்புப் போர் அன்றோடு முடிந்தது. அதற்குப் பின் நடந்தது வேறு போர்.

கொர்ரம்ஷஹரிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டரில் ஷலம்செ. தட்டையான உப்பு மண், இடையிடையே நாணல். மார்ச் மாதம் அரசு ஏற்பாட்டில் நாடெங்கிலுமிருந்து பேருந்து பேருந்தாக மாணவர்களைப் போர்க்களச் சுற்றுலாவுக்குக் கூட்டிவருகிறார்கள். நான் போன அன்றும் கறுப்புச் சாதர் அணிந்த பெண்பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் நடந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் அழுதுகொண்டே கதை சொன்னார். சில பிள்ளைகள் உண்மையாகவே தேம்பினார்கள். அந்த அழுகையை நான் மதிக்கிறேன். இங்கே செத்தவர்கள் அவர்கள் வயதுக்காரர்கள்.

1987 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இந்த இடத்தைப் பிடிக்க ஈரான் அலை அலையாக ஆளை அனுப்பியது. ‘கர்பலா-5’ என்று அந்தத் தாக்குதலுக்குப் பெயர். பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். ஷலம்செ கைக்கு வந்தது, பாஸ்ரா வரவில்லை. 1988 மே மாதம் ஈராக் சில மணி நேரத்தில் ஷலம்செயைத் திரும்பப் பிடித்தது. கர்பலா-5-க்கு முந்தைய தாக்குதல் ‘கர்பலா-4’. 1986 டிசம்பரில் அர்வந்த் ஆற்றை நீந்திக் கடக்க அனுப்பப்பட்ட முக்குளிப்பு வீரர்களில் 175 பேரின் உடல்கள் 2015-இல்தான் ஊர் வந்து சேர்ந்தன. கைகள் கட்டப்பட்ட நிலையில் அவர்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள் என்ற செய்தி கேட்டு அந்த ஜூன் மாதம் தெஹ்ரானே தெருவில் நின்றது.

என் ஓட்டுநர் அந்த இடத்துக்குள் வரவில்லை. கார் அருகிலேயே நின்றார். திரும்பி வந்ததும் கேட்டார்: “எங்கள் ஊரை மீட்டது எண்பத்திரண்டில், மிஸ்டர். என் அண்ணன் செத்தது எண்பத்தேழில், இங்கே. நடுவில் இருப்பது பதினைந்து கிலோமீட்டர். இதற்கு எதற்கு ஐந்து வருஷம்? அம்மா சாகும்வரை இதைத்தான் கேட்டாள். தியாகியின் தாய் என்று அவளுக்கு மரியாதை செய்தார்கள். பதில் மட்டும் சொல்லவில்லை.”

எனக்குத் தெரிந்த பதில் இது. இரண்டு ஆட்சிகளுக்கும் அந்தப் போர் தேவைப்பட்டது. சதாம் அதைக் காட்டித் தன் மக்களை அடக்கினார். தெஹ்ரானில் எதிர்த்துப் பேசியவர்களை எல்லாம் எதிரியின் ஆள் என்று உள்ளே தள்ள முடிந்தது. 1988 கோடையில், போர் முடியும் தறுவாயில், ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைச் சிறைக்குள்ளேயே கொன்றார்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் இருந்ததால் பணம் தீரவில்லை. ஈராக்குக்குச் சவூதியும் குவைத்தும் கடன் கொடுத்தன. சோவியத் யூனியன் டாங்கிகளும் பிரான்ஸ் போர் விமானங்களும் விற்றன. அமெரிக்கா ஈராக்குக்கு உளவுத்தகவல் கொடுத்தபடியே ஈரானுக்கும் ரகசியமாக ஏவுகணை விற்றது. ஈராக் கடுகு வாயுவையும் நரம்பு விஷத்தையும் வீசியபோது உலகம் முனகியதோடு சரி. 1987 ஜூனில் ஈரானின் சர்தஷ்த், 1988 மார்ச்சில் ஈராக்கிலேயே குர்துகளின் ஹலப்ஜா. ஹலப்ஜாவில் மட்டும் ஒரே நாளில் சுமார் 5,000 பேர். அந்த விஷத்துக்கான மூலப்பொருளை விற்ற டச்சு வியாபாரி ஃபிரான்ஸ் வான் அன்ராட்டுக்கு 2005-இல்தான் தண்டனை கிடைத்தது. தெஹ்ரான் நகரப் பூங்காவிலுள்ள அமைதி அருங்காட்சியகத்தில், அந்த வாயுவைச் சுவாசித்துப் பிழைத்தவர்களே நம்மைக் கூட்டிச்சென்று காட்டுகிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுகிறார்கள்.

1988 ஜூலை 3 அன்று வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர், அதில் 66 குழந்தைகள், பத்து இந்தியர்கள். அந்த மாதமே கொமெய்னி போர்நிறுத்தத்துக்குச் சம்மதித்தார். அது விஷம் குடிப்பது போன்றது என்றார். எட்டு ஆண்டில் செத்தவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. குவைத்துக்கு மட்டும் சுமார் 1,400 கோடி டாலர் கடன்பட்டிருந்த சதாம், 1990 ஆகஸ்டில் அந்த நாட்டையே விழுங்கினார். முதுகைக் காத்துக்கொள்ள, அதே மாதம் ஈரானுக்குக் கடிதம் எழுதினார்: 1975 ஒப்பந்தத்தை மறுபடி ஏற்றுக்கொள்கிறேன் என்று. எல்லை மறுபடி ஆற்றின் நடுவே வந்து நின்றது.

ஷலம்செ இப்போது எல்லைச் சோதனைச்சாவடி. நான் பார்த்த நேரத்தில் பாஸ்ரா பக்கமிருந்து குடும்பங்கள் நடந்து வந்துகொண்டிருந்தன. வைத்தியத்துக்கும் மஷ்ஹத் யாத்திரைக்கும் வருபவர்கள். ஈரானிலிருந்து கர்பலாவுக்கு அர்பயீன் யாத்திரை போகிறவர்கள் லட்சக்கணக்கில் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஓட்டுநர் சித்தப்பா வீட்டுக்கு இப்போது பாஸ்போர்ட்டோடு போய்வருகிறார்.

அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். தேநீருக்குத் தனியாகக் கேன் வாங்கி வைத்திருக்கிறார்கள். காரூனின் மேல்பகுதியில் அணைகள், கீழே கடல்நீர் ஏறுகிறது. போரில் தலை போன பேரீச்சைகளுக்குப் பதில் நட்டவையும் உப்பில் கருகுகின்றன. நான் ஊர் திரும்பிய சில மாதத்தில், 2018 கோடையில், குடிதண்ணீர் கேட்டுக் கொர்ரம்ஷஹர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது. 2021 ஜூலையில் மாகாணம் முழுக்கத் தண்ணீருக்காக எழுந்தது. அப்போதும் சுட்டார்கள், உயிர்கள் போயின. 2022 மே 23 அன்று ஆபாதானில் மெட்ரோபோல் என்ற பத்து மாடிக் கட்டடம் இடிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். மறுநாள் கொர்ரம்ஷஹர் மீட்கப்பட்ட நாற்பதாம் ஆண்டு நாள்.

ஒவ்வொரு மே 24 அன்றும் இந்த ஊரின் பெயரைச் சொல்லி முழங்குகிற அரசு, முதலில் இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும்.